ரூஃப் லைனிங் தொங்குதா? பழைய ஜீப்புக்குத் துணி மாத்துறதுக்கு முன்னாடி கூரையைப் பாருங்க!

நாமக்கல்லில் இருந்து கிளம்பி, சேந்தமங்கலம் தாண்டினால் காளப்பநாயக்கன்பட்டி. அங்கே ஒரு டீ. அடுத்து காரவள்ளி. அதுக்கப்புறம் 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு வண்டி எடுத்துட்டுப் போன எல்லோருக்கும் மனப்பாடமான ரூட் இது.

இப்போ இப்படி ஒரு காட்சியைக் கற்பனை பண்ணுங்க. ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. இன்ஜின் வேலை முடிஞ்சாச்சு, பெயின்ட் பளபளக்குது, டயர் புதுசு. 30-வது வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது, தலைக்கு மேல இருந்த துணி மெதுவா பிரிஞ்சு, முகத்துக்கு நேரா தொங்குது. நடுக் கண்ணாடியில் பின்னாடி வர்ற வண்டி தெரியலை. ஒரு கை ஸ்டீயரிங்கில், இன்னொரு கை துணியைத் தூக்கிப் பிடிக்குது. எதிரே லோடு லாரி!

காமெடி சீன் மாதிரி தோணும். ஆனால், பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவங்க கடைசியா, கையில் மிச்சமிருக்கும் காசில் செய்யும் வேலை இதுதான். 'சும்மா துணி ஒட்டுறதுதானே பாஸ்' என்று நினைத்தால், அடுத்த மழைக்காலத்தில் அதே வேலையை இரண்டாவது முறை செய்ய வேண்டியிருக்கும். எப்படிச் சரியாகச் செய்வது... பார்ப்போம்!

அது எதுக்கு இருக்கு?

வண்டிக் கூரையின் உள்பக்கத்தை மூடியிருக்கும் துணி அல்லது ரெக்ஸின்தான் ரூஃப் லைனிங். ஷோரூம் பாஷையில் ஹெட்லைனர். அழகுக்காக மட்டும் அது அங்கே இல்லை. வெயிலில் நின்ற வண்டியின் கூரையில் கை வைத்துப் பாருங்கள், சுடும். அந்தச் சூடு நேராகத் தலையில் இறங்காமல் தடுப்பது இதுதான். தகரத்தில் மழை விழும் சத்தத்தைக் குறைப்பதும் இதுதான்.

மலைக்குப் போகிற வண்டிக்கு இன்னொரு பயனும் உண்டு. வெளியே பனி, உள்ளே ஐந்தாறு பேரின் மூச்சுக்காற்று. குளிர்ந்த தகட்டில் அந்த ஈரம் பட்டால் நீர்த்துளியாக மாறி, தலையில் சொட்டும். ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிற அதே கதைதான். லைனிங் இருந்தால் ஈரக்காற்று தகட்டைத் தொடுவது குறையும்.

உங்க வண்டி எந்த ரகம்?

முதலில் இதைத் தெரிஞ்சுக்கணும். ஏன்னா, ஒவ்வொரு ரகத்துக்கும் வேலை வேற.

படுதா ரகம்: மஹிந்திரா 1947-ல் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்களை அசெம்பிள் செய்ய ஆரம்பித்தது. அந்தக் காலத்து ஜீப்களில் பெரும்பாலானவை திறந்த பாடி. மேலே கம்பி வளைவு, அதன் மேல் படுதா. 1969 முதல் 1999 வரை ஜபல்பூரில் ராணுவத்துக்காகத் தயாரான ஜோங்காவிலும் படுதா போட்டவை உண்டு. இவற்றில் படுதாதான் கூரை. தனியாக லைனிங் கிடையாது.

கம்பி ரகம்: மெட்டல் கூரை உள்ள பழைய வண்டிகளில், ரெக்ஸின் ஷீட்டின் மேல்பக்கம் குறுக்காகச் சின்னச் சின்னத் துணிக் குழாய்கள் தைத்திருப்பார்கள். அதற்குள் வளைந்த கம்பிகளைச் செருகி, கூரையில் மாட்டியிருப்பார்கள். ஷீட் கூரையில் ஒட்டியிருக்காது, கம்பியில் தொங்கும்.

போர்டு ரகம்: கூரை வடிவத்துக்கே வார்த்த அட்டை அல்லது ஃபைபர் போர்டு. அதன் மேல் மெல்லிய ஃபோம் வைத்த துணி ஒட்டியிருக்கும். 80-கள், 90-களுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இதுதான் அதிகம்.

துணி ஏன் தொங்குது?

போர்டு ரகத்தில் எல்லோரும் குறை சொல்வது பசையை. உண்மையான வில்லன் ஃபோம். துணிக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய பாலியூரிதேன் ஃபோம், வருடக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்து மட்கிப்போகும். விரலால் தேய்த்தால் மஞ்சள் பொடியாகக் கொட்டும். பிரிந்த துணியையே மறுபடி பசை தடவி ஒட்டினால், நீங்கள் ஒட்டுவது போர்டில் இல்லை, அந்தப் பொடியில். ஒரே வாரத்தில் பழையபடி தொங்கும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாம் ஊர் போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு மட்டுமே.

முதலில் தகடு, அப்புறம்தான் துணி!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய லைனிங்கைக் கழற்றும் நாள்தான், கூரையின் உள்பக்கத்தை நீங்கள் முழுசாகப் பார்க்கும் ஒரே நாள். அதை வீணாக்காதீர்கள்.

மலையேறும் வண்டிகளில் கேரியர் வைத்திருப்பார்கள். அதற்காகக் கூரையில் போட்ட ஓட்டைகள், கண்ணாடி பீடிங்கின் மூலைகள், மழைத்தண்ணீர் வடியும் விளிம்பு... துரு பிடிக்க ஆரம்பிக்கும் இடங்கள் இவைதான். துணியில் பழுப்பு நிறத்தில் மேப் மாதிரி கறை இருந்தால், அதுக்கு நேர் மேலேயும் அக்கம்பக்கத்திலும் தேடுங்கள். தண்ணீர் ஓர் இடத்தில் நுழைந்து, இன்னோர் இடத்தில் சொட்டும்.

சிம்பிளான டெஸ்ட் ஒன்று இருக்கு. ஒருவர் வெளியே ஹோஸ் பைப்பில் கூரை மேல் 15 நிமிடம் தண்ணீர் விடட்டும். நீங்கள் உள்ளே டார்ச்சுடன் உட்காருங்கள். கசியும் இடத்தையெல்லாம் சாக்பீஸில் வட்டம் போடுங்கள். துருவைச் சுரண்டி, ஓட்டையானதை வெல்டு வைத்து, பிரைமர் அடித்து, இணைப்புகளில் சீலன்ட் வைத்து, மறுபடியும் தண்ணீர் விடுங்கள். ஒரு சொட்டும் வரவில்லை என்றால்தான் துணிக் கடைப் பக்கமே போகணும்.

எப்போ செய்யணும்?

டிங்கரிங், வெல்டிங், பெயின்ட், கேபின் லைட்டுக்கான ஒயரிங், சூடும் சத்தமும் குறைக்கும் ஷீட், அதற்கு அடுத்து லைனிங். அப்புறம் ஓரத்து டிரிம், சீட். இதுதான் வரிசை.

கம்பி ரகமாக இருந்தால் முன், பின் கண்ணாடிகளைக் கழற்றியிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். லைனிங்கின் ஓரம் பெரும்பாலும் கண்ணாடி பீடிங்குக்கு அடியில்தான் மடிந்து உட்காரும். கண்ணாடியை மாட்டிய பிறகு லைனிங் என்றால், இரண்டு கூலி.

லைனிங் போட்ட பிறகு கூரைப் பக்கம் வெல்டிங் கூடவே கூடாது. துணி, ஃபோம், காய்ந்த பசை எல்லாமே எரியும் சரக்கு.

போர்டு ரகம்: ஸ்டெப் பை ஸ்டெப்

1. பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கேபின் லைட், சன் வைசர், கைப்பிடி, ஓர டிரிம் எல்லாவற்றையும் எடுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ. ஸ்க்ரூக்களைத் தனித்தனி கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

2. போர்டைப் பின்கதவு வழியாக, இரண்டு பேர் பிடித்து வெளியே எடுங்கள். பழைய போர்டு அப்பளம் மாதிரி. மடக்கினால் உடையும்.

3. துணியை உரித்து, ஒட்டியிருக்கும் ஃபோம் பொடி முழுவதையும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். முகத்தில் மாஸ்க் கட்டாயம். இந்த ஸ்டெப்பில் சோம்பேறித்தனம் பட்டால் மத்ததெல்லாம் வேஸ்ட்.

4. உடைந்த மூலைகளை ஃபைபர் கிளாஸ் துணியும் ரெசினும் வைத்துப் பின்பக்கமாகச் சரி செய்யுங்கள்.

5. புதுத் துணியைச் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். போர்டின் மேல் விரித்து, பாதியை மட்டும் மடக்குங்கள். போர்டிலும் ஃபோமிலும் மெல்லிசாகப் பசையை ஸ்பிரே செய்யுங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். தொட்டால் விரலில் ஒட்டாமல், பிசுபிசுப்பாக மட்டும் இருக்கணும்.

6. நடுவில் இருந்து ஓரத்துக்கு, உள்ளங்கையால் தடவிக்கொண்டே வாருங்கள். குழிவான இடங்களில் துணியை இழுக்காதீர்கள், உள்ளே தள்ளுங்கள். இழுத்து ஒட்டிய இடம்தான் முதலில் பிரியும். அப்புறம் மறுபாதி.

7. ஒரு நாள் காயவிட்டு, லைட், வைசர் வரும் இடங்களில் பெருக்கல் குறி மாதிரி சின்னதாகக் கீறி, ஓரங்களைப் பின்னால் மடக்கி ஒட்டுங்கள்.

கம்பி ரகம்: டெய்லர் வேலை

இதை வீட்டில் முயற்சி செய்யாமல் குஷன் கடையில் விடுவதே நல்லது. லாரிக்கு பாடி கட்டும் தொழிலுக்குப் பேர்போன ஊர் நாமக்கல். திருச்செங்கோடும் அப்படித்தான். ரெக்ஸின் தைக்கும் கைகளுக்கு இந்தப் பக்கம் பஞ்சம் இல்லை. ஆனால், வண்டியை விடும் முன் நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு.

ஒன்று, கம்பிகளைக் கழற்றும்போதே முன்னால் இருந்து 1, 2, 3 என்று டேப் ஒட்டி எழுதிவையுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், ஒவ்வொன்றின் வளைவும் நீளமும் வேற. மாறிப்போனால், கூரையில் நிரந்தரமாகச் சுருக்கம் விழும். இரண்டு, கிழிந்துபோன பழைய லைனிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். தையலைப் பிரித்துப் பரப்பினால், அதுதான் புதுசுக்கு அளவு.

மாட்டும்போது நடுக் கம்பியை முதலில் பொருத்தி, முன்னும் பின்னும் இழுத்து, கடைசியாகப் பக்கவாட்டு ஓரங்களை நிறுத்துவார்கள். கடைசியாக மிஞ்சும் லேசான சுருக்கத்துக்கு ஹாட் ஏர் கன் போதும். அதுவும் ரெக்ஸினில் இருந்து தள்ளிப் பிடித்து.

என்ன துணி, என்ன பசை?

சோபா துணி, பெட்ஷீட், திரைச்சீலை வேண்டவே வேண்டாம். வண்டிக்கு உள்ளே போடும் துணி தீப்பிடித்தால் எவ்வளவு மெதுவாகப் பரவணும் என்று விதி இருக்கு. இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 15061. அமெரிக்க விதிப்படி, சோதனைத் துண்டில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. கடையில் வண்டிகளுக்கான லைனிங் துணி என்று கேட்டு வாங்குங்கள்.

சூடு குறையட்டும் என்று தெர்மாகோல் ஒட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கு. தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும். பல பசைகளில் இருக்கும் கரைப்பான் பட்டால் கரைந்தே போய்விடும். தண்ணீரைக் குடிக்காத, மூடிய துளைகள் கொண்ட ஃபோம் ஷீட் வாங்குங்கள். சாதாரண ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சிவைத்து, தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

பசை, அதிக சூடு தாங்கும் ரகமாக இருக்கட்டும். ஒட்டும் வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் ஆகாது. ஈரப்பதமான நாளில் பசை சரியாகப் பிடிக்காது. வண்டி மலையில் நின்றாலும், ஒட்டுவதை அடிவாரத்தில், நல்ல வெயில் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி-யில் சிக்கல் வருமா?

பழைய லைனிங்குக்குப் பதில் புது லைனிங் போட்டால் கவலை இல்லை. ஆனால், படுதா ஜீப்புக்கு லோக்கலில் மெட்டல் கூரை அடித்து, அதற்கு லைனிங் போட நினைத்தால் கதை வேற. வண்டியின் அடிப்படை வடிவத்தை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் வரும். முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும், பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியைப் பார்ப்பார்கள். சிக்கல் அங்கேதான் வெடிக்கும்.

'வின்டேஜ்' என்ற பெயருக்கும் விதி இருக்கு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருடங்களுக்கு மேல் ஆன, சேஸி, பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிதான் வின்டேஜ். அந்த அந்தஸ்து வேண்டும் என்றால், கூரையின் மேல் கை வைக்கும் முன் இரண்டு முறை யோசிங்க.

வாங்கும்போதே தலையைத் தூக்கிப் பாருங்க!

பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி முழுக்கப் பழசு, லைனிங் மட்டும் பளிச்சென்று புதுசு என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஓரத்தில் டிரிம்மைக் கொஞ்சம் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டால், மேலே துரு உதிர்கிறது என்று அர்த்தம். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். அன்றைக்கு எந்தக் கூரையும் பொய் சொல்லாது.

இன்ஜின் வேலையை ஊரே பார்த்துப் பாராட்டும். லைனிங்குக்கு அடியில் நீங்கள் அடித்த பிரைமரை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால், ஐப்பசி மழையில் 70 வளைவும் ஏறி, செம்மேட்டில் இறங்கும்போது தலை நனையாமல் இருந்தால், அதுக்குக் காரணம் அந்த பிரைமர்தான்!