சோற்றுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

காலையில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டுத்தான் நாம் மலையேறுகிறோம். அதற்கு எவ்வளவு தண்ணீர் செலவாயிற்று? ஒரு குவளை என்போம். ஆனால் கொழுந்து வளரக் குடித்த மழையையும் சேர்த்தால் சுமார் 27 லிட்டர் ஆகிறது. ஒரு கிலோ அரிசிக்கோ ஏறக்குறைய 2,500 லிட்டர்! இதைத்தான் அறிஞர்கள் மறைநீர் என்கிறார்கள்.

இதன் வரலாற்றை அறியச் சிங்கப்பூரின் காத்தோங் பகுதிக்குப் போவோம். ஒரு காலத்தில் அங்கே கடலோரமெங்கும் தென்னந்தோப்புகள் இருந்தன. அரிசி மீயும் தேங்காய்ப்பாலும் இறாலும் சேர்ந்த லக்சாவுக்குக் காத்தோங் இன்றும் பெயர் பெற்றது. ஆனால் தோப்புகள் மறைந்துவிட்டன. சிங்கப்பூரின் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது.

குடிநீருக்கும் அந்நகரம் அயலாரை நாடியது. 1927-இல் ஜொகூர் சுல்தானுடன் நீர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தகர்த்தபோது, அதன் வழியே வந்த குழாயும் அறுந்தது. தண்ணீரின் அருமையை அந்நகரம் அன்று உணர்ந்தது.

1977-இல் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுக்குள் ஆறுகளைத் தூய்மையாக்கச் சொன்னார். சிங்கப்பூர் ஆறும், காத்தோங்கிற்கு அருகிலுள்ள காலாங் படுகையும் அப்போது சாக்கடையாக நாறின. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 1984-இல் பன்றி வளர்ப்பையே கைவிட அரசு முடிவு செய்தது. 2008-இல் மரினா அணை எழும்பியதும், அந்தப் படுகை நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியாயிற்று.

அரிய சாதனைதான்! ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பண்ணைகள் போயின; இறைச்சி உண்ணும் பழக்கம் போகவில்லை. விலங்கின் தீவனத்துக்கான நீரும், அதன் கழிவைச் சுத்திகரிக்கும் சுமையும் வேறு நாட்டுக்கு இடம் மாறின, அவ்வளவுதான்.

இது குற்றமா? மழை மிகுந்த நாடு, நீர் குறைந்த நாட்டுக்கு உணவு அனுப்புவது நல்ல பண்டமாற்றே. ஆனால் பஞ்சாபில் நெல்லுக்காக ஆழ்துளைக் கிணறுகள் இறைக்க இறைக்க, நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டிருக்கிறது. அங்கே விற்கப்படுவது பிள்ளைகளின் சொத்து.

நம் தேயிலைப் பெட்டியோடு நம் மலையின் மழையும் கப்பலேறுகிறது. அதற்கு யாரும் தனியே விலை தருவதில்லை. எனவே லயத்துக்கு மேலுள்ள ஊற்றுக்கண்ணையும் அதைச் சூழ்ந்த மரங்களையும் காப்பது நம் பொறுப்பு. தட்டில் சோற்றை மிச்சம் வைக்கும் குழந்தைக்கு, அதிலே எத்தனை குடம் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிக் கொடுப்போம்.