வாரம் ஒரு சூ

நம் ஆலயங்களில் மின்விசிறியின் இறக்கையிலும் குழல்விளக்கின் மேலும் ‘உபயம்’ என்னும் சொல்லைப் படிக்கிறோம். கொடுத்தவர் பெயர் அதனை அடுத்து நிற்கிறது. கோபுரம் எழுப்பவும் தேர் செய்யவும் பணம் சேர்ந்துவிடுகிறது. ஆனால் வேதியரின் மாத ஊதியம், கைவிடப்பட்ட முதியோரின் மருந்து, முன்னறிவிப்பின்றி வரும் துயரம் ஆகியவற்றிற்குப் பங்கின் பொதுநிதி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. ஒரு நோக்கத்திற்கென இறைமக்கள் தந்த காணிக்கையை அந்நோக்கத்திற்கே பயன்படுத்த வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (எண் 1267). அவ்வாறாயின், நோக்கம் குறிக்காத காணிக்கையை ஒரு சமூகம் திரட்டுவது எப்படி? பிரான்சு நாட்டின் லியோன் நகரப் பொதுநிலையினர் இக்கேள்விக்குக் கண்ட விடை நம் சிந்தனைக்கு உரியது.

பவுலின் ஜாரிக்கோ 1799-ஆம் ஆண்டு அந்நகரில் செல்வமிக்க பட்டு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மறைபரப்புப் பணிகள் பொருளின்றித் தளர்ந்திருந்த காலம் அது. பாரிசு மாநகரில் குருமாணவராய் இருந்த அவர் சகோதரர் பிலேயாஸ், அயல்நாட்டு மறைபரப்பு சபையின் வறுமையைத் தங்கைக்கு எழுதினார். பவுலின் செல்வரின் வாயில்களை நாடவில்லை. பட்டு ஆலைப் பெண் தொழிலாளரை நாடினார். ஒவ்வொருவரும் நாள்தோறும் சிறு செபம் சொல்ல வேண்டும். வாரந்தோறும் ஒரு சூ தர வேண்டும். இருபது சூ சேர்ந்தால் ஒரு பிராங்கு. பத்துப் பேருக்கு ஒருவர் திரட்டுநர். பத்துப் பத்துகளுக்கு ஒரு தலைவர். பத்து நூறுகளுக்கு மற்றொருவர். ஏழையின் ஒரு காசு கைமாறிக் கைமாறி ஆறாய்ப் பெருகுவதற்கு இந்த வாய்க்கால் போதுமானதாயிற்று.

இதே வேளையில் அமெரிக்காவின் லூயிசியானா ஆயர் தூபூர் தம் மறைமாவட்டத்திற்கு லியோனில் உதவி வேண்டியிருந்தார். 1822 மே 3-ஆம் நாள் அருள்பணியாளரும் பொதுநிலையினரும் சிலர் அதற்கெனக் கூடினர். ஒரே மறைமாவட்டத்திற்காகக் கழகம் அமைப்பதா என்னும் வினா அங்கே எழுந்தது. கத்தோலிக்கம் என்னும் சொல்லுக்கே ‘அனைத்துலகிற்கும் உரியது’ என்பது பொருள். ஆகவே கழகமும் உலகின் எல்லா மறைப்பணிகளுக்கும் உரியதாதல் வேண்டும் எனத் தீர்மானித்தனர். விசுவாசப் பரப்புதல் கழகம் அன்று பிறந்தது. பவுலின் அக்கூட்டத்தில் இல்லை. ஆனால் அவர் அமைத்த பத்துகளே அதன் அடித்தளமாயின.

அத்தீர்மானத்தின் ஆழத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தெரிந்த முகத்திற்குக் கொடுப்பது எளிது. தேவையைத் தீர்மானிக்கும் உரிமையையும் காசோடு சேர்த்துக் கொடுப்பது அரிது. முதலாண்டில் ஏறத்தாழ 23,000 பிராங்கு சேர்ந்தது. அது லூயிசியானா, கென்டக்கி, ஆசியா என மூன்று பங்காயிற்று. ஓர் உறுப்பினர் ஆண்டெல்லாம் தந்தாலும் அவர் காணிக்கை 52 சூ, அதாவது மூன்று பிராங்கிற்கும் குறைவு. ஆயினும் அது மூன்று திசைகளுக்குச் சென்றது.

இத்தகைய நம்பிக்கை தானாக வந்துவிடாது. லியோனிலும் பாரிசிலும் அமைந்த மைய மன்றங்கள் அதனை உழைத்து ஈட்டின. அவற்றின் உறுப்பினர் ஊதியமின்றிப் பணி செய்தனர். ஆண்டில் திரண்டதை முதலீடாக முடக்காமல் பகிர்ந்தளித்தனர். மறைபரப்பாளரின் மடல்களைத் தாங்கிய கழக ஏடு பத்துப் பேருக்கு ஒரு படியென வீடுவீடாகச் சுற்றியது. தம் காசு சென்ற இடத்தை ஏழைத் தொழிலாளியும் அறிந்தார். புனித சவேரியாரைக் கழகம் தன் பாதுகாவலராகக் கொண்டது நம் முத்துக்குளித்துறை மக்களுக்கு உவப்பான செய்தி. 1776 முதல் புதுச்சேரி மறைப்பணியைத் தாங்கிய பாரிசு அயல்நாட்டு மறைபரப்பு சபையும் இக்கழகத்தின் துணையைப் பெற்றது.

பவுலினின் முடிவோ வேறு. தொழிலாளர் நலனுக்கென அவர் தொடங்கிய இரும்பாலை முயற்சி ஏமாற்றத்தில் முடிய, கடன் சுமையோடு 1862-இல் வறியவராய் இறந்தார். கழகத்தை 1922 மே 3 அன்று திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் திருத்தந்தைக்குரிய அமைப்பாக உயர்த்தினார். நூறாண்டுக்குப் பின், 2022 மே 22 அன்று, பவுலின் அருளாளராக உயர்த்தப்பட்டார். தம் பெயரை எங்கும் பொறிக்காதவரைத் திருச்சபை தன் பீடத்தில் ஏற்றியது.

பங்குதோறும் நிதிக்குழு வேண்டும் என்பது இன்று சட்டம் (எண் 537). குழு இருப்பது மட்டும் போதாது. அதன் உறுப்பினர் முதலில் தாம் கொடுப்பவராய் இருத்தல் வேண்டும். அன்பியந்தோறும் சிறு காணிக்கையைத் திரட்டும் கால்நடைக்குத் துணிய வேண்டும். வரவையும் செலவையும் ஏழைக்கும் விளங்குமாறு உரைக்க வேண்டும். தொடக்கத் திருச்சபையினர் தம் பொருளைத் திருத்தூதரின் காலடியில் வைத்தபோது அதில் பெயர் எழுதவில்லை. தேவைக்கேற்ப அது பகிரப்படும் என்னும் நம்பிக்கையே அவர்களின் கையைத் திறந்தது. அந்நம்பிக்கைக்கு உரியவராக நாம் மாறினால், நம் மக்களின் கைகளும் திறக்கும்.