லிமிட் ஏன் முதல் பாடமா வருது? மூணு இன்ஜினியரிங் காலேஜ்களின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

காலேஜ் முதல் வருஷத்துல நிறைய பேரைப் பயமுறுத்துற ஒரு பாடத்தைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப் போறோம். கால்குலஸ். தமிழ் மீடியத்தில் படிச்சவங்களுக்கு நுண்கணிதம். எம்-1 பேப்பர்னு சொன்னாலே சில பேருக்கு அரியர் ஞாபகம் வரும்.

பாடப் புத்தகத்தின் வரிசையை நினைச்சுப் பாருங்க. முதலில் லிமிட், அதாவது எல்லை. அடுத்து தொடர்ச்சி. அப்புறம் வகைக்கெழு. கடைசியில் தொகையீடு. படிக்கட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று. இந்த வரிசையில்தான் கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு நாமும் நினைச்சுக்கிறோம்.

வரலாறு தலைகீழா இருக்கு. வளைகோட்டுக்குள் அடங்கிய பரப்பளவைக் கணக்கிடும் வேலை, அதாவது தொகையீட்டின் விதை, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸிடமே இருக்கு. தொடுகோடு வரையும் முறை, அதாவது வகைக்கெழுவின் விதை, 1630களில் ஃபெர்மாவிடம் இருக்கு. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ச் செயல்கள் என்று புரிந்துகொண்டு அதைப் பொது முறையாக்கியவர்கள் நியூட்டனும் லைப்னிட்சும். அது 1660களிலும் 1670களிலும். (கேரளாவின் மாதவர் பற்றிக் கேட்பீங்க. அது தனி எபிசோடு போடற அளவுக்குப் பெருசு.) நாம முதல் பாடமா படிக்கிற லிமிட்டுக்கு உறுதியான இடம் கிடைச்சது 1821இல். கிட்டத்தட்ட 150 வருஷம் கழிச்சு!

அப்போ யார் இதைத் தூக்கி முன்னாடி வச்சாங்க? ஏன்?

ஓடுது, ஆனா ஏன் ஓடுதுன்னு தெரியல

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுரம், பக்கம் 10. பரப்பு 100. பக்கத்தைக் கொஞ்சம் நீட்டினா பரப்பு எந்த வேகத்தில் கூடும்?

பக்கத்தை 0.1 கூட்டுங்க. பரப்பு 102.01 ஆகும். கூடினது 2.01. அதை 0.1ஆல் வகுத்தா 20.1. பக்கத்தை 0.01 மட்டும் கூட்டினா விடை 20.01. 0.001 கூட்டினா 20.001. எங்கே போகுதுன்னு தெரியுது இல்லையா? 20.

இப்போ சிக்கல். கூட்டின அளவு எவ்வளவு சின்னதா இருந்தாலும், விடையில் அதே அளவு ஒட்டிக்கிட்டு வருது. சரி, கூட்டவே வேண்டாம்னு பூஜ்யம் வச்சா? பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கணும். அதுக்கு அர்த்தமே இல்லை.

17ஆம் நூற்றாண்டில் இதை எப்படிச் சமாளிச்சாங்க? வகுக்கும்போது அது பூஜ்யம் இல்லை. வகுத்து முடிச்சதும் அது ரொம்பச் சின்னது, தூக்கிப் போடலாம். அவ்வளவுதான். நியூட்டனுக்கே இது உறுத்தியது. வேறு வேறு விதமாக விளக்கிப் பார்த்தார். லிமிட் என்ற எண்ணத்துக்குப் பக்கத்திலும் வந்தார். ஆனால் அதைக் கறாரான வரையறையாக மாற்றவில்லை.

1734இல் ஜார்ஜ் பெர்க்லி என்ற பாதிரியார் 'தி அனலிஸ்ட்' என்று ஒரு நூல் எழுதி இதைப் போட்டுத் தாக்கினார். அவருடைய கேள்வி எளிமையானது: ஒரு பொருள் பூஜ்யமா, இல்லையா? பாதிக் கணக்கில் இல்லைன்னும் மீதியில் ஆமாம்னும் எப்படிச் சொல்வீங்க? மதத்தில் எல்லாத்துக்கும் ஆதாரம் கேட்கிற நீங்க, உங்க கணக்கில் மட்டும் இதை எப்படி விட்டீங்க? அவருக்கு உள்நோக்கம் இருந்தது, அது உண்மை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

நம்ம பாஷையில் சொன்னா, புரொடக்ஷனில் ஓடிக்கிட்டு இருக்கிற கோடு. டெஸ்ட் எல்லாம் பாஸ். கோள்களின் பாதை, ஓதம், அதிர்வு, எல்லாத்துக்கும் சரியான விடை தருது. ஆனா ஏன் வேலை செய்யுதுன்னு எழுதி வச்ச ஒரு டாக்குமெண்ட் கிடையாது. ஓடுற வரைக்கும் யாரும் அதைத் தொட அவசரப்படல.

பாரிஸ், 1821

தொட வேண்டிய கட்டாயம் வகுப்பறையில் வந்தது.

பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1794இல் பாரிஸில் எகோல் பாலிடெக்னிக் தொடங்கப்பட்டது. பெயரைப் பார்த்து நம்ம ஊர் டிப்ளமோ பாலிடெக்னிக்னு நினைக்காதீங்க. பீரங்கிப் படை, பாலம், சாலை, சுரங்கம் இதுக்கெல்லாம் நாட்டின் இன்ஜினியர்களைத் தயார் பண்ற இடம். நுழைவுத் தேர்வு கடுமையானது. உள்ளே போனா முதல் வேலை கணக்கு.

முன்பு கணக்கு மேதைகள் பெரும்பாலும் அரசவைகளிலும் அகாடமிகளிலும் இருந்தார்கள். கடிதம் எழுதுவார்கள், கட்டுரை எழுதுவார்கள். படிப்பவரும் இன்னொரு மேதை. "ரொம்பச் சின்னது, தூக்கிப் போடு"ன்னு சொன்னா அவருக்குப் புரிஞ்சிடும். இங்கேயோ பெஞ்சில் வரிசையா உட்கார்ந்திருக்கிற இளைஞர்கள். அவங்களுக்கு முதல் வரியிலிருந்து சொல்லித் தரணும்.

அங்கே பாடம் எடுத்தவர்களில் ஒருவர் அகஸ்டின் லூயி கோஷி. நம்ம ஊர் காலேஜ்களில் காச்சின்னு சொல்ற அதே ஆள். அதே காலேஜில் படித்தவர், பாலம் கட்டும் துறையில் பயிற்சி பெற்றவர், துறைமுகக் கட்டுமானத்தில் வேலை பார்த்த இன்ஜினியர். 1821இல் தன் பாடங்களை 'கூர் த'அனாலிஸ்' என்ற புத்தகமாக வெளியிட்டார். 1823இல் அடுத்த புத்தகம் வந்தது. லிமிட்டை அடித்தளமாக வைத்து, அதன் மேல் தொடர்ச்சி, அதன் மேல் வகைக்கெழு, அதன் மேல் தொகையீடு. நம்ம புத்தகத்தின் வரிசை இங்கேதான் உருவாச்சு. இதே எண்ணத்தை 1817இலேயே பிராகில் போல்சானோ எழுதியிருந்தார். ஆனால் அது பரவலாகப் போய்ச் சேரவில்லை.

கோஷி என்ன செய்தார்? "பூஜ்யமா இல்லையா" என்ற கேள்வியையே மாற்றினார். நம்ம சதுரக் கணக்கையே எடுத்துக்கோங்க. விடை 20ன்னு நான் சொல்றேன். நீங்க நம்பலை. "0.05க்கு மேல் பிசகக் கூடாது"ங்கறீங்க. சரி, பக்கத்தை 0.05க்குக் குறைவா கூட்டுங்க, பிசகாது. "0.000001தான் பொறுத்துக்குவேன்"ங்கறீங்க. அதுக்கும் என்கிட்ட ஒரு அளவு இருக்கு. நீங்க எவ்வளவு கறாரா கேட்டாலும் என்னால் பதில் தர முடிஞ்சா, எல்லை 20. பூஜ்யத்தைத் தொடவே வேண்டாம். நீங்க கேட்கிற அளவு எப்சிலான், நான் தர்ற அளவு டெல்டா. லேத் பட்டறையில் டாலரன்ஸ்னு சொல்றாங்களே, அதே யோசனை.

கோஷி வரையறையை வார்த்தைகளில்தான் எழுதினார். அதை இன்றைய எப்சிலான்-டெல்டா வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் வையர்ஸ்ட்ராஸ். அவர் பெர்லின் பேராசிரியர் ஆவதற்கு முன் பத்து வருஷத்துக்கு மேல் பள்ளி வாத்தியார்.

இனிமேல்தான் எனக்குப் பிடிச்ச பகுதி. கோஷியின் மாணவர்கள் கை தட்டினாங்களா? இல்லை. 1821இல் ஒரு வகுப்பு நேரம் தாண்டி நீண்டபோது கூச்சல் போட்டு வெளியே போயிட்டாங்க. நிர்வாகமும் அவர் மேல் கோபப்பட்டது. இன்ஜினியர்களுக்கு இவ்வளவு நிரூபணம் எதுக்கு, பயன்பாட்டைச் சொல்லிக் கொடுங்கன்னு நெருக்கியது. அதாவது, லிமிட்டை முதல்ல கேட்ட பேட்ச்சே "இது எங்களுக்கு எதுக்கு சார்?"னு கேட்டிருக்கு. முதல் செமஸ்டரில் உங்களுக்கும் அப்படித் தோணியிருந்தா, அதுக்கு 200 வருஷப் பாரம்பரியம் இருக்கு.

சூரிச், 1858

இரண்டாவது காலேஜ், சூரிச்சின் பாலிடெக்னிக். இன்னைக்கு இ.டி.எச். சூரிச். 1858இல் ரிச்சர்ட் டெடிகிண்ட் அங்கே புதுசா சேர்ந்து, முதல் முறையா கால்குலஸ் வகுப்பு எடுக்கிறார். வயசு 27.

கூடிக்கிட்டே போகிற ஓர் அளவு, ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டாதுன்னா, அது கட்டாயம் ஏதோ ஓர் எல்லையை நெருங்கும். இதை வகுப்பில் சொல்லணும். எப்படி நிரூபிப்பது? போர்டில் கோடு போட்டு, "பாருங்க, நெருங்குது"ன்னு காட்டுறதைத் தவிர அவருக்கு வழி இல்லை. மாணவர்களுக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை. எண் என்றால் என்ன என்பதே இன்னும் சரியாகச் சொல்லப்படவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அதே ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி விடை கிடைத்தது. எண்கோட்டை இரண்டாக வெட்டும் ஒவ்வொரு வெட்டும் ஓர் எண் என்ற யோசனை. அதை அச்சில் வெளியிட்டது 1872இல். இந்த வகுப்பறைச் சங்கடத்தை அந்த நூலின் முன்னுரையில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

லண்டன், 1910

மூணாவது கதை எதிர்த் திசையில் போகுது. லண்டனில் ஃபின்ஸ்பரி டெக்னிக்கல் காலேஜின் முதல்வர் சில்வானஸ் தாம்சன், மின் பொறியியல் வாத்தியார். கால்குலஸ் என்றாலே நடுங்கும் மாணவர்களைப் பார்த்துப் பார்த்து 1910இல் 'கால்குலஸ் மேட் ஈஸி' எழுதினார். முதல் பதிப்பில் தன் பெயரைப் போடவில்லை. லிமிட்டிலிருந்து தொடங்கவும் இல்லை. லைப்னிட்ஸ் பாணியில், வகையிடல் குறியை "துளியூண்டு" என்ற அர்த்தத்தில் வாசிக்கச் சொல்லி, துளியின் துளியைத் தூக்கிப் போடச் சொல்லிக் கொடுத்தார். பழைய வழிதான். புத்தகம் இன்னும் அச்சில் இருக்கு.

தாம்சன் ஏமாத்தினாரா? 1960களில் ஆபிரகாம் ராபின்சன் என்ற கணிதவியலாளர், அந்தத் துளி எண்களுக்கும் கறாரான அடித்தளம் உண்டு என்று நிரூபித்துவிட்டார். அவரும் போர்க் காலத்தில் விமானப் பொறியியலில் வேலை பார்த்தவர்.

அப்போ நமக்கு?

லிமிட் தேவையில்லைன்னு நான் சொல்ல வரலை. அது இல்லாம எங்கே கணக்கு உடையும்னு தெரியாது. 1872இல் வையர்ஸ்ட்ராஸ் ஒரு வளைகோட்டைக் காட்டினார். எங்கேயும் அறுபடாது, ஆனால் எந்த இடத்திலும் தொடுகோடு வரைய முடியாது. கண்ணை மட்டும் நம்பினா இப்படி ஒண்ணு இருக்கும்னே தோணாது.

ஆனா லிமிட் ஒரு பதில். 150 வருஷம் புகைஞ்ச ஒரு கேள்விக்கான பதில். கேள்வியைச் சொல்லாம பதிலை மட்டும் முதல் வாரமே போர்டில் எழுதினா, எதிரே இருக்கிற பதினெட்டு வயசுப் பிள்ளை என்ன நினைக்கும்? எல்லாருக்கும் புரியுது, எனக்குத்தான் மண்டையில் ஏறலை, எனக்குக் கணக்கு வராது. இந்த ஒரு நினைப்போட கணக்கை விட்டவங்க உங்க பேட்ச்சிலேயே இருப்பாங்க.

புரியாததுக்குக் காரணம் மண்டை இல்லை. நியூட்டனையே உறுத்தின இடம் அது. யாராவது தம்பியோ தங்கச்சியோ இந்த வருஷம் காலேஜ் சேர்ந்திருந்தா, அந்தச் சதுரக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. 20.1, 20.01, 20.001. அப்புறம் பெர்க்லியின் கேள்வியைக் கேளுங்க. அவங்க முழிச்சதுக்கு அப்புறம் லிமிட்டைச் சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.