தாள் மடிப்பும் வடிவியலும்: தண்டலம் சுந்தர ராவ்

தமிழ்ப்பள்ளிகளில் சமச்சீர்க் கோட்டைக் கற்பிக்கும்போது நாம் வண்ணத்தாளை மடித்துக் காட்டுகின்றோம். இதனை மேலைநாட்டார் கண்ட உத்தி என்றே நம்மில் பலர் கருதுகின்றோம். ஆனால், தாள் மடிப்பைக் கொண்டே வடிவியலைக் கற்பிக்கலாம் என விரிவான நூலொன்றை எழுதிய முன்னோடி தமிழ்நாட்டில் வாழ்ந்தவர். அவர் பெயர் தண்டலம் சுந்தர ராவ். ஆங்கில நூல்களில் இவர் பெயரைச் 'சுந்தர ரோ' என்பது போல எழுதியிருப்பார்கள்.

இவர் பிறந்த ஆண்டு 1853. பின்னாளில் இராமானுஜன் சேர்ந்த அதே கும்பகோணம் அரசு கல்லூரியில் பயின்று, சென்னை மாகாண அரசுப் பணியில் அமர்ந்தார். தாள் மடிப்பு வழியிலான வடிவியல் பயிற்சிகள் என்னும் இவரது ஆங்கில நூல் 1893இல் சென்னையில் வெளிவந்தது.

அக்காலத்துப் பள்ளிகளில் வடிவியல் என்றால் யூக்ளிட்டின் தேற்றங்கள்தாம். பொருள் விளங்காவிட்டாலும் அவற்றை மனப்பாடம் செய்து எழுதிய மாணவர் பலர். ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல் பாலர்பள்ளிக்கு வகுத்த விளையாட்டுப் பொருள்களுள் வண்ணத்தாள் மடிப்பும் ஒன்று. சுந்தர ராவ் அதனைக் கண்டு, சிறுவர் விளையாட்டை உயர்கணிதம் வரை கொண்டு செல்ல முனைந்தார். கவராயம் வேண்டா, ஒரு பேனாக்கத்தியும் தாள் துண்டுகளும் போதும். ஒழுங்கற்ற தாளிலிருந்து சதுரத்தை உண்டாக்குவதில் தொடங்கி, முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் எனப் பல வடிவங்களைக் கடந்து கூம்பு வெட்டு வளைவுகள் வரை அந்நூல் விரிகின்றது.

இந்நூலை உலகறியச் செய்தவர் ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன். 1895இல் வெளிவந்த தம் நூலில் அவர் இதனைக் குறிப்பிட்டார். அக்குறிப்பைக் கண்ட அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமன், ஸ்மித் இருவரும் 1901இல் இதனைத் திருத்திச் சிகாகோவில் பதிப்பித்தனர். இவ்விருவரும் பள்ளி வடிவியல் பாடநூல் எழுதியவர்கள் என்பது கருதத்தக்கது. உண்மையாகவே மடித்த தாள்களின் நிழற்படங்கள் அப்பதிப்பை அணிசெய்தன. 1957இல் அமெரிக்கக் கணித ஆசிரியர் மன்றம் வகுப்பறைத் தாள் மடிப்புக்கெனத் தனி நூலே வெளியிட்டது. சுந்தர ராவின் நூல் 1966இல் மீண்டும் அச்சேறியது.

அவர் கருத்து எல்லாமே இறுதியானதல்ல. கன மூலத்தைத் தாள் மடித்துக் காண இயலாது என்பது போல அவர் எழுதியிருந்தார். இத்தாலியக் கணித அறிஞர் மார்கெரிதா பெலோக் 1936இல் அது இயலும் என நிறுவினார். அவர் திறந்த வாயிலில் பிறர் மேலும் நடந்தனர்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். முக்கோணத்தின் பரப்பளவு, அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்குவது என்பதைப் பிள்ளைகள் கிளிப்பிள்ளை போல ஒப்புவிப்பார்கள். 'ஏன் பாதி?' என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அவ்வேளையில் சுந்தர ராவின் நெறியில் இதனைச் செய்து பாருங்கள். ஒரு தாள் முக்கோணத்தை வெட்டி, நீண்ட பக்கத்தை அடியாக வையுங்கள். மடிப்புக் கோடு அடிக்கு இணையாக அமையுமாறு உச்சியை அடிப்பக்கத்தின்மீது மடியுங்கள். உச்சி தொட்ட அதே புள்ளிக்கு மற்ற இரு மூலைகளையும் மடியுங்கள். ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் நீளம் அடியில் பாதி, அகலம் உயரத்தில் பாதி. தாளோ எங்கும் இரண்டு அடுக்கு. பாதி எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளையின் விரலே சொல்லிவிடும். மூன்று கோணங்களும் ஒரு நேர்கோட்டில் சேர்ந்து 180 பாகையாவதையும் அதே தாளில் காணலாம்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆயினும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பெற்றோர் தேடி வாங்குவது பயிற்சி நூல்களைத்தான். அவை வேண்டா என நான் சொல்லவில்லை. விடையை எழுதுமுன் வடிவத்தைக் கையால் தொட்டறிய ஒரு பத்து நிமிடம் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். அதற்கு ஆகும் செலவு ஒரு பழைய நாளிதழ்த் தாள் மட்டுமே. மடிக்கும்போது சுந்தர ராவின் பெயரையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.