பெருங்குடல் பாலிப்பை ஒளியால் இனங்காணல்: ஒரு வரலாறு

பெருங்குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு சதை வளர்ச்சி பாலிப் எனப்படும். கொலோனோஸ்கோப்பிப் பரிசோதனையில் காணப்படும் பாலிப்புகளில் பெரும்பாலானவை 5 மில்லிமீட்டருக்கு மேற்படாதவை. அவற்றுள் அடினோமா என்ற வகை, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடும். ஹைப்பர்பிளாஸ்டிக் என்ற வகை, குறிப்பாக மலக்குடல் பகுதியில் சிறிதாக இருக்கும்போது, பெரும்பாலும் தீங்கற்றது. சாதாரண வெள்ளொளியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பாமல், பார்த்த அளவிலேயே இவற்றைப் பிரித்தறிய முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடிய முயற்சிகளின் வரலாறு இது.

வெட்டி எடுத்த காலம்

1969இல் நியூயார்க் நகரில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகிய மருத்துவர்கள், கொலோனோஸ்கோப்பின் வழியே கம்பிச் சுருக்கைச் செலுத்திப் பாலிப்பை அகற்றும் முறையைத் தொடங்கினர். அதுவரை குடலின் உட்பகுதியில் இருந்த பாலிப்பை அகற்ற வயிற்றைத் திறந்து அறுவை செய்ய வேண்டியிருந்தது. அதன்பின், கண்ணில் பட்ட பாலிப் அனைத்தையும் அகற்றி, நுண்ணோக்கியில் திசுவை ஆராய்வதே வழக்கமாயிற்று. இது பாதுகாப்பான வழி. ஆனால் தீங்கற்ற பாலிப்புகளுக்கும் ஆய்வகச் செலவும் காத்திருப்பும் உண்டு; அவற்றை அகற்றுவதில் இரத்தக்கசிவு போன்ற சிறு ஆபத்தும் உண்டு.

சாயம் காட்டிய குழிகள்

ஜப்பானிய மருத்துவர்கள் வேறு வழியில் சென்றனர். இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயத்தைக் குடல் சுவரில் தெளித்தால், அது பள்ளங்களில் தேங்கி மேற்பரப்பின் அமைப்பைத் தெளிவாக்கும். உருப்பெருக்கும் கொலோனோஸ்கோப்பால் இதை ஆராய்ந்த ஷின்-எய் குடோ, சுரப்பிகளின் வாய்களாகிய நுண்குழிகளின் வடிவத்தை ஐந்து வகைகளாகப் பிரித்தார். வட்டக் குழிகள் இயல்பான திசுவுக்கும், விண்மீன் வடிவக் குழிகள் ஹைப்பர்பிளாஸ்டிக் வகைக்கும், நீண்ட அல்லது கிளைத்த குழிகள் அடினோமாவுக்கும் அடையாளம். ஒழுங்கு சிதைந்த குழிகள் புற்றுநோயைச் சுட்டும். 1990களில் இவ்வகைப்பாடு உலகெங்கும் பரவியது. எனினும் சாயம் தெளிக்கக் கூடுதல் நேரமும் பயிற்சியும் தேவைப்பட்டன.

சாயமின்றி ஒளி

சிவப்புத் துணியில் சிவப்பு நூலால் தைத்த பூ எளிதில் தெரியாது. குடல் சுவரின் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அப்படியே. இதற்குத் தீர்வாக, ஒலிம்பஸ் நிறுவனமும் காஷிவா நகரிலுள்ள ஜப்பான் தேசியப் புற்றுநோய் மையத்தின் கிழக்கு மருத்துவமனையும் இணைந்து, குறும்பட்டை ஒளிப் படமுறையை உருவாக்கின. இது என்.பி.ஐ எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. கசுஹிரோ கோனோ, யசுஷி சானோ ஆகியோர் இதில் முன்னின்றனர்.

இம்முறையில் 415, 540 நானோமீட்டர் அளவுகளை ஒட்டிய நீல, பச்சை ஒளி மட்டுமே பாய்ச்சப்படுகிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் இவ்வொளியை நன்கு உறிஞ்சுவதால், மேற்பரப்பிலுள்ள நுண்குழாய்கள் பழுப்பு நிறத்தில் எடுப்பாகத் தெரிகின்றன. குழாய்கள் செறிந்த அடினோமா, சுற்றியுள்ள திசுவைவிடக் கூடுதல் பழுப்பாகவும், ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் ஏறக்குறைய அதே நிறத்திலோ வெளிர்ந்தோ காணப்படும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒளி மாறிவிடும். ஃபைஸ், ஐ-ஸ்கேன் முதலிய பிற முறைகள், எடுத்த படத்தைக் கணினியால் திருத்தி இதே பயனைத் தருகின்றன.

வல்லுநரும் வழக்கமான மருத்துவமனையும்

2009இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் 'டிஸ்கார்ட்' ஆய்வு வெளியானது. 130 நோயாளிகளிடம் 10 மில்லிமீட்டருக்குக் குறைவான 363 பாலிப்புகள் கண்டறியப்பட்ட இவ்வாய்வில், ஒளிவழி முடிவுகளின் துல்லியம் 93 சதவீதமாக இருந்தது. அகற்றிய பாலிப்பை ஆய்வகத்துக்கு அனுப்பாமலே விட்டுவிடலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 2011இல் அமெரிக்க உள்நோக்கியியல் சங்கம் இதற்கான அளவுகோலை வகுத்தது. அடுத்த பரிசோதனைக் காலத்தை முடிவு செய்வதில், ஒளிவழி முடிவும் ஆய்வக முடிவும் குறைந்தது 90 சதவீதம் ஒத்துப்போக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

ஆனால் பிரிட்டனின் ஆறு பொது மருத்துவமனைகளில் 1688 பேரிடம் நடந்த இரண்டாம் டிஸ்கார்ட் ஆய்வில் அந்த வெற்றி தொடரவில்லை. மறுபரிசோதனைக் காலத்தைக் கணிப்பதில் உணர்திறன் 73 சதவீதமாகவே இருந்தது. கருவி அதே வகைதான். அதைப் பயன்படுத்திய சூழல் வேறு. அடினோமாவைத் தீங்கற்றது எனத் தவறாகக் கருதினால், அந்த நோயாளி உரிய காலத்தில் மறுபரிசோதனைக்கு அழைக்கப்படாமல் போகலாம்.

நிபந்தனைகளும் இன்றைய நிலையும்

2017இல் பிரிட்டனின் நைஸ் நிறுவனம், 5 மில்லிமீட்டர் வரையிலான பாலிப்புகளுக்கு இம்முறைகளை நிபந்தனைகளுடன் ஏற்றது. உயர்தெளிவுக் கருவி வேண்டும். மருத்துவர் பயிற்சியும் சான்றும் பெற்றிருக்க வேண்டும். அவரது முடிவுகள் தொடர்ந்து தணிக்கை செய்யப்பட வேண்டும். முடிவில் அவருக்கு மிகுந்த உறுதி இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் திசு ஆய்வகத்துக்கே செல்லும்.

அண்மைக்காலத்தில் செயற்கை நுண்ணறிவும் இதில் சேர்ந்துள்ளது. நார்வே, பிரிட்டன், ஜப்பான் நாடுகளில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், அது மருத்துவரின் உறுதியைக் கூட்டியது. ஆனால் அடினோமா போன்ற வளர்ச்சிகளை இனங்காணும் திறனைக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்தவில்லை. உறுதியாகச் சொல்வதும் சரியாகச் சொல்வதும் ஒன்றல்ல என்பதை இம்முடிவு காட்டுகிறது. ஆகவே பல மருத்துவமனைகளில் அகற்றிய பாலிப்பை ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.