வார்டு மாறும் வயது: காவிரிக் கடைமடையில் இளையோர் நீரிழிவுச் சிகிச்சை

நாள்பட்ட நோயோடு வளரும் பிள்ளைகள் பெரியவர்களுக்கான மருத்துவத்துக்கு மாறுவதைப் பற்றிய பேச்சு, 1993-இல் ராபர்ட் புளும் குழுவினர் அமெரிக்க வளரிளம் பருவ மருத்துவச் சங்கத்துக்காக எழுதிய அறிக்கையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. சிறாருக்கென ஓர் அமைப்பு உண்டு, பெரியவருக்கென இன்னொன்று உண்டு, முன்னதிலிருந்து பின்னதற்கு நோயாளியைத் திட்டமிட்டு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். ஆன் பீட்டர்ஸும் லோரி லாஃபெலும் 2011-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்துக்காக எழுதியதும் இதே வழியில் போகிறது. அறிவுரையில் பழுதில்லை. இரண்டு அமைப்புகளும் முன்பே நிலைபெற்றிருந்தன, நடுவில் பாலம் மட்டுமே இல்லை என்று புளும் அறிக்கை எடுத்துக்கொள்ளும் வரலாறுதான் ஏற்கத்தக்கதாக இல்லை. சர்க்கரை நோய்க்கு அது பொருந்தவே இல்லை.

1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட லியோனார்டு தாம்ப்சனுக்கு 14 வயது. இதை எல்லோரும் எழுதுகிறார்கள். அவன் படுத்திருந்த இடத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. குழந்தைகள் மருத்துவமனை அதே நகரில் 1875 முதலே இருந்தும், அவன் இருந்தது பொது மருத்துவமனையில். இன்சுலின் ஆய்வுக் குழுவுக்கு அந்தப் பொது மருத்துவமனையோடு தொடர்பு இருந்தது, ஆகவே இது தற்செயல் என்று மறுக்கலாம். ஒரு நோயாளியை வைத்து மட்டும் பேசினால் மறுப்பு நிற்கும். சென்னையிலும் வரிசை அதுவேதான்: மருத்துவர் எம். விஸ்வநாதன் 1948-இல் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கியது ஸ்டான்லி பொது மருத்துவமனையில். ராயபுரத்தில் தனி மருத்துவமனை 1954-இல் வந்தது. சிறார் நீரிழிவுக்கான பன்னாட்டு ஆய்வுக் குழு உருவானதோ 1974-இல். சிறார் நீரிழிவு மருத்துவம் எந்த ஆண்டில் தனியாகப் பிரிந்தது என்று அறுதியிட முடியாது. பெரியவர் மருத்துவத்துக்குள்ளிருந்து பிந்திக் கிளைத்தது என்பதுவரை சொல்லலாம்.

இந்த வரிசையை மனத்தில் கொண்டால் காவிரிக் கடைமடையிலுள்ள பூம்புகாரின் நிலை வேறாகத் தெரிகிறது. தஞ்சாவூரில் குழந்தைகள் பிரிவு ராஜா மிராசுதார் மருத்துவமனையிலும் பெரியவர்களுக்கான பொது மருத்துவம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இருப்பதால், அங்கே புளும் சொல்லும் கைமாற்றம் கண்ணுக்குத் தெரியும். கடைமடைப் பிள்ளைக்கு ஊர்ப்பக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே மருத்துவர். மாறுவது தொலைவிலுள்ள நிபுணர் மட்டுமே. அரசுத் திட்டங்களின் வயது வரம்புகளைப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவு. 2013-இன் சிறார் பரிசோதனைத் திட்டம் 18 வயதோடும், 2014-இன் வளரிளம் பருவத் திட்டம் 19-ஓடும் நிற்கின்றன. தொற்றா நோய்க்கான பரிசோதனை 30-இல் தொடங்குகிறது. பீட்டர்ஸ், லாஃபெல் இருவரும் கவலைப்படும் 18 முதல் 30 வரையான பருவம் ஏறக்குறைய முழுதும் இந்த இடைவெளிக்குள் விழுகிறது. 30 என்பது பரிசோதனைக்கான வரம்பு, நோய் உறுதியானவருக்கு எந்த வயதிலும் சிகிச்சை உண்டு என்பது நியாயமான மறுப்பே. ஆனால் வருபவருக்கு ஊசி கொடுப்பது வேறு, வராதவரைத் தேடிப் போவது வேறு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் திருப்பூருக்கோ கடலுக்கோ போகிற பையனை ஊசி வாங்க அழைத்துவந்தவர் அதுவரை அம்மாதான். அவர் விட்ட இடத்தில் எந்தத் திட்டத்தின் வயது வரம்பும் அவனைத் தொடுவதில்லை. இரு நிபுணர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுக் கிளினிக்கைவிட, மாறாமல் இருக்கும் சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் அவன் பெயரை நிறுத்துவதே இங்கு முதல் வேலை. எந்த வயதில் மாற்றுவது, 18-லா, 19-லா என்ற கேள்விக்கு அந்த வரம்புகளுக்குள் விடை இல்லை.