நஞ்சு மருந்தான வரலாறு

தொழுநோயை அரபு மொழியில் 'ஜுதாம்' என்பர். துண்டித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. விரல்களைச் சிதைக்கும் அந்நோயின் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். ஆயினும் சிதைவுக்குக் கிருமி மட்டுமே காரணமன்று. அதனை எதிர்த்து உடல் நடத்தும் போரே நரம்புகளைப் பெரிதும் அழிக்கிறது. கிருமி மடிந்த பின்னரும் சிலரிடம் அப்போர் ஓய்வதில்லை. காய்ச்சலும், வலிமிக்க சிவந்த கணுக்களும், நரம்பு வீக்கமும் அவர்களை உறங்கவிடாமல் வாட்டும்.

இவ்வேதனையைத் தணித்த மருந்தின் வரலாறு நம்மைச் சிந்திக்கத் தூண்டுவது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் உறக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்களும் மசக்கைக்காக அதனை உட்கொண்டனர். கைகால்கள் வளராத நிலையில் பல நாடுகளிலும் சுமார் 10,000 குழந்தைகள் பிறந்தன. லென்ஸ் என்னும் மருத்துவர் எச்சரித்தபின், 1961 நவம்பரில் அந்நாட்டில் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது.

1964-இல் ஜெருசலம் நகரின் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ஷெஸ்கின், வலியால் துடித்த ஒரு நோயாளிக்கு உறக்கம் வேண்டி இதே மாத்திரையைக் கொடுத்தார். உறக்கம் வந்தது, அத்துடன் கணுக்களும் வலியும் விரைவில் தணிந்தன. மேலும் சிலரிடம் சோதித்து, 1965-இல் அதனை வெளியிட்டார். தாலிடோமைடு கிருமியைக் கொல்வதன்று. பின் எங்ஙனம் நோய் தணிந்தது? 1991-இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கில்லா கப்லான் குழுவினர் விடை கண்டனர். அழற்சியை மூட்டும் 'டி.என்.எஃப். ஆல்ஃபா' என்னும் புரதத்தை வெள்ளணுக்கள் சுரப்பதை அம்மருந்து குறைக்கிறது. 1998-இல் அமெரிக்க அரசு, கருத்தரிப்பைத் தவிர்க்கும் கடுமையான கட்டுப்பாடுகளுடன் அதற்கு அனுமதி அளித்தது.

ஆனால் பிரேசிலில் நேர்ந்ததை நாம் மறத்தலாகாது. தொழுநோய்க்கென அம்மருந்து தொடர்ந்து வழங்கப்பட்ட அந்நாட்டில், 2000-க்குப் பின்னரும் அதனால் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தன. மருந்தின் குணம் மாறவில்லை. எச்சரிக்கை உரியவர் செவிக்கு எட்டாததே குறை.

நஞ்சென ஒதுக்கிய ஒன்றிலும் நலம் இருக்கலாம் என்பது இவ்வரலாற்றின் ஒரு பாதி. நலம் கண்ட மகிழ்ச்சியில் நஞ்சை மறந்தால் அதன் விலையைப் பிறவாத குழந்தை கொடுக்க நேரும் என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்தே நாம் கற்பிக்க வேண்டும்.